22 நிமிடத்தை ஏன் வெட்டினீர்கள்?

காதல் நாவல்களையும் இளையோருக்கான அறிவியல் புனைகதைகளையும் திருத்தி அச்சுக்கு அனுப்பும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம்.

‘மெயிலைத் திறந்து படிடீ!’

போன மாதம் படித்து முடித்த ஒரு காதல் நாவலின் 203ஆம் பக்க ஓரத்தில் இப்படிப் பென்சிலால் எழுதியிருந்தது. 231ஆம் பக்கத்தில் ‘இன்னுமா?’ 260இல் வெறும் கேள்விக்குறி. 298இல் ஒரு பூனை சுருண்டு படுத்துத் தூங்குகிற படம். எழுதியவளும் வரைந்தவளும் என் அக்கா மகள். 15 வயது. எனக்கு முன்னால் அவள் படித்துவிட்டுத் தந்த புத்தகம் அது.

விஷயம் இதுதான். நாயகன் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறான். நாயகியின் கைப்பேசித் திரையில் அதன் தொடக்கம் மட்டும் தெரிகிறது: ‘இனி நாம் சந்திக்க வேண்டாம்’. அவன் எழுதிய முழு வாக்கியமோ, ‘இனி நாம் சந்திக்க வேண்டாம் என்றுதான் கிளம்பினேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன்.’ வினைமுற்றைக் கடைசியில் வைக்கும் மொழியில் எழுதினால் வருகிற வினை. சரி, சிரித்துவிட்டேன். நல்ல திருப்பம்தான். ஆனால் 187ஆம் பக்கத்தில் அறிவிப்பைப் பார்த்தவள் 304ஆம் பக்கத்தில்தான் மின்னஞ்சலைத் திறக்கிறாள். நடுவில் 117 பக்கம். அதற்குள் வேலையை விடுகிறாள், வீடு மாறுகிறாள், முடியைக் கத்தரித்துக்கொள்கிறாள், வேறொருவனைக் கட்டிக்கொள்ளத் தலையாட்டுகிறாள். கைப்பேசியை ஒரு தட்டுத் தட்ட மட்டும் அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.

இதை நூலாசிரியருக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு வருகிறேன்.

நான் விமர்சகர் இல்லை. இருபது வருடமாகக் காதல் நாவல்களை விடாமல் படிக்கிறவள், அவ்வளவுதான். அக்கா மகள் அறிவியல் புனைகதை தவிர வேறு எதையும் தொடமாட்டாள். கால் எலும்பு முறிந்து நான் நான்கு மாதம் படுத்துக் கிடந்தபோது, ‘சித்தி, உன் புத்தகத்தை நான் படிக்கிறேன், என் புத்தகத்தை நீ படி, யார் முதலில் தூங்குகிறோம் என்று பார்ப்போம்’ என்றாள். அப்படிப் படித்ததில் 9 காதல் நாவல், 6 இளையோர் அறிவியல் புனைகதை. தலைப்புகளைச் சொல்லப் போவதில்லை. அவற்றில் பல, எழுதியவரின் முதல் நாவல். முதல் நாவல் எழுதியவரைப் பொதுவில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஆறில் ஒன்று செவ்வாய்க் கோளில் நடக்கிறது. 17 வயதுப் பெண், அங்கேயே பிறந்தவள். அவள் குடியிருப்பின் காற்றுச் சுத்திகரிப்புக் கருவிக்குப் பூமியிலிருந்து நிரல் எழுதித் தரும் குழுவில் பயிற்சிக்குச் சேர்ந்த ஒரு பையன். ஒரு பழுதைப் பற்றிப் பேச ஆரம்பித்துப் பழகிவிடுகிறார்கள். அடித்தளம் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். அவள் இழுக்கிற மூச்சு அவன் எழுதுகிற நிரலை நம்பி இருக்கிறது. இதை ஆசிரியர் ஒரு இடத்திலும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அதுவே பிடித்துப்போனது.

அப்புறம் இருவரும் அரட்டை அடிக்கத் தொடங்குகிறார்கள். ‘தூங்கிட்டியா?’ என்கிறாள். ‘இல்ல’ என்கிறான், உடனே. அவள் சிரித்தால் அவனுக்குக் கேட்கிறது. அவன் கொட்டாவி விட்டால் இவளுக்கும் கொட்டாவி வருகிறது.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பூமியும் செவ்வாயும் நன்றாக நெருங்கி இருக்கும் காலத்தில் ஒளி இங்கிருந்து அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 3 நிமிடம். சூரியனுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக விலகி நிற்கும்போது ஏறத்தாழ 22 நிமிடம். வானொலி அலைக்கும் அதே வேகம்தான், அதைத் தாண்டிச் சேதி அனுப்ப இயற்பியல் வழிவிடவில்லை. ‘தூங்கிட்டியா?’ என்று கேட்டுவிட்டு ‘இல்ல’ என்ற பதிலுக்கு 44 நிமிடம் காத்திருந்தால் கேட்டவள் தூங்கியிருப்பாள்.

அந்த நூலாசிரியர் எனக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். விசாரித்தேன். முதல் வரைவில் தாமதம் இருந்ததாம். அதை நம்பியே கதையைக் கட்டியிருக்கிறார். ‘இளைய வாசகர்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது, உரையாடல் தொய்கிறது’ என்று பதிப்பாசிரியரின் குறிப்பு வந்ததாம். ‘குவாண்டம் பிணைப்பு’ (எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு துகள்களுக்கு நடுவில் அறுந்துபோகாத ஒரு தொடர்பு) என்று ஒரு வரியைச் செருகித் தாமதத்தை எடுத்துவிட்டார்கள். (பிணைப்பை வைத்துச் சேதி அனுப்ப முடியாது என்பது வேறு கதை. அதை விடுங்கள்.) ஆக 22 நிமிடம் போயிற்று. அதன் இடத்தில் என்ன வந்தது தெரியுமா? 9ஆம் அத்தியாயத்தில் ஒரு பொறாமைக்காரத் தோழி. பையன் அனுப்பிய சேதி ஒன்றை அழித்துவிடுகிறாள். ஆகாயத்தில் சும்மா கிடைத்த தடையைத் தூக்கி எறிந்துவிட்டு, மெனக்கெட்டு ஒரு தடையைக் கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு எழுதும் காரணம் இதுதான்.

காதல் கதையில் இரண்டு பேருக்கு நடுவில் என்ன நிற்கிறது என்பதே கதை. நிற்பது நிஜமாக இருந்தால் அவர்கள் சும்மா உட்கார்ந்து காத்திருக்கும் பக்கம்கூட நம்மை விடாது. நிற்பது பொய்யாக இருந்தால் எரிமலையே வெடித்தாலும் பூனை படம்தான் வரும்.

இதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அகப்பொருளுக்குத் தொல்காப்பியம் வைத்த வரிசையில் முதற்பொருள் எது? நிலமும் பொழுதும். காதலிக்கிறவர்கள்கூட அதற்குப் பிறகுதான். முல்லை என்றால் காடு, கார்காலம், மாலைப்பொழுது. அதற்கு உரியது இருத்தல். கார் வரும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன், கார் வந்தும் வரவில்லை. அவன் ஏமாற்றவில்லை. அவள் சந்தேகப்படவும் இல்லை. நடுவில் யாரும் ஓலையைத் திருடவில்லை. வழி நீளம், மழை முந்திக்கொண்டது, அவ்வளவே. இதை வைத்துக்கொண்டு எத்தனை பாட்டுப் பாடியிருக்கிறார்கள்!

நிலத்தையும் பொழுதையும் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளும் உரிமை இன்றைக்கு எந்த எழுத்துக்கு இருக்கிறது? அறிவியல் புனைகதைக்கு. செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம். அவள் விழித்திருக்கும் நேரத்தில் தானும் விழித்திருக்க வேண்டுமென்றால் பூமியில் இருக்கும் பையன் தினமும் 39 நிமிடம் தள்ளிப் படுக்க வேண்டும். ஒரு வாரத்தில் அவன் பொழுது நாலரை மணி நேரம் நகர்ந்திருக்கும். ஐந்து வாரம் கடந்து சில நாளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கு வந்துவிடுவான். ‘ஏண்டா பகலெல்லாம் தூங்குற?’ என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வான்? ஒரு கோளின் சுழற்சி ஒருவன் கண்ணுக்குக் கீழே கருவளையமாக வந்து உட்காருகிறது. எழுத எவ்வளவு இருக்கிறது இதில்!

இன்னொன்று. ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை செவ்வாய் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய் மறைகிறது. சூரியனைச் சுற்றியிருக்கும் மின்னூட்டத் துகள்கள் குறுக்கே வந்து சேதியைக் கலைத்துவிடும் என்பதால், அங்கே இருக்கும் கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை நாசா கிட்டத்தட்ட இரண்டு வாரம் நிறுத்திவைக்கும். தேதி வருடக்கணக்குக்கு முன்பே தெரியும். கார்காலம் மாதிரி, அந்தப் பிரிவுக்கு ஒரு பருவம் இருக்கிறது. அதற்கு முந்தைய ராத்திரி இருவரும் என்ன பேசுவார்கள்? எந்தச் சொல்லைக் கடைசியாக விடுவார்கள்? நடுவழியில் ஒரு செயற்கைக்கோளை வைத்துச் சமாளிக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். தாராளமாக வையுங்கள். அதை அந்த வாரம் பழுதாக்குங்கள்.

இந்த நாலு மாதத்தில் படித்ததில் ஒரே ஒரு இளையோர் நாவல் இதைச் சரியாகச் செய்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுழலும் கப்பல். 224 மீட்டர் ஆரம், நிமிடத்துக்கு இரண்டு சுற்று. அந்தக் கணக்குக்குத் தரையில் நிற்பவருக்குப் பூமியின் எடை கிடைக்கும். ஆசிரியர் சரியாகப் போட்டிருக்கிறார். அக்கா மகள் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு சரிக்குறியும் போட்டிருந்தாள். பெண் கப்பலிலேயே பிறந்தவள். பையன் ஒரு கோளிலிருந்து வந்து ஏறியவன், ஏறி மூன்று நாள்தான் ஆகிறது. நீண்ட நடைபாதையின் இரண்டு முனையில் இருவரும் நின்று ஒரு பந்தை எறிந்து விளையாடுகிறார்கள். அவன் எறிந்தால் அவள் காலடிக்கு முன்பே விழுகிறது. அவள் எறிந்தால் அவன் தலைக்கு மேல் போகிறது. ஒரே தூரம், ஒரே பந்து. அவனுக்குப் புரியவில்லை, அவமானமாக இருக்கிறது, இன்னும் பலமாக எறிகிறான், அப்போதும் நினைத்ததைவிடச் சீக்கிரம் விழுகிறது.

அவன் கப்பல் சுழலும் திசையில் எறிகிறான். பந்துக்குக் கப்பலின் வேகமும் சேர்ந்துகொள்வதால் அது கனத்துப் போனதுபோலச் சட்டென்று விழும். அவள் எதிர்த்திசையில் எறிகிறாள். அங்கே வேகம் கழிந்து பந்து லேசாகி மிதந்து போகும். பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவளுக்கு இது தெரியும், ஆனால் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. கையே பார்த்துக்கொள்கிறது. தலைக்கு மேல் போவதெல்லாம் அவள் வேண்டுமென்றே போட்டது. ‘இடத்தை மாத்திக்கலாமா?’ என்று கடைசியில் கேட்கிறாள். மாற்றிக்கொள்கிறார்கள். இப்போது அவன் எறிந்த பந்து அவளைத் தாண்டிப் போகிறது. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

மூன்று பக்கம். தொடவில்லை, கண்ணும் கண்ணும் கலக்கவில்லை, இதயம் படபடக்கவில்லை. ஒருவருடைய இடத்தில் நின்று பார்க்காமல் அவர் எறிவது நமக்கு ஏன் இப்படி வந்து விழுகிறது என்று தெரியாது என்பதை ஒரு பந்தை வைத்துச் சொல்லிவிட்டார். அந்தப் புத்தகத்தின் பதிப்பாசிரியர் இந்த மடலைப் படித்தால், உங்கள் கைக்கு ஒரு கும்பிடு. அந்த மூன்று பக்கத்தையும் நீங்கள் வெட்டவில்லை.

இனி என் பக்கத்துப் புத்தகங்கள்.

காதல் நாவலின் முடிவு முன்பே தெரியுமே, அதில் என்ன இருக்கிறது என்று இளப்பமாகக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. உங்கள் வட்டாரத்திலேயே உண்டு. துப்பறியும் கதையில் கொலைகாரன் அகப்படுவான் என்று தெரியாமலா படிக்கிறோம்? சேர்வார்கள் என்ற வாக்குறுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வாக்குறுதி இருப்பதால்தான் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளத்தையும் வெட்டலாம். வாசகி விழுந்துவிட மாட்டாள், கயிறு கட்டியிருக்கிறது. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் பள்ளம் வெட்டப் பயந்து, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, அதில் விழுந்ததாக நடிக்கச் சொல்கிறீர்கள்.

உங்கள் தொழிலில் ‘தேர்ட் ஆக்ட் பிரேக்கப்’ என்று ஒன்று இருக்கிறது. முக்கால்வாசிக் கதை முடிந்ததும் ஒரு சண்டை, ஒரு பிரிவு, பிறகு ஓடிப்போய்ச் சேர்தல். நான் படித்த 9இல் 7இல் அது வந்தது. அந்த ஏழில் ஐந்தில் பிரிவுக்குக் காரணம், ஒருவர் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பது. ஏன் சொல்லவில்லை? இன்னும் எழுபது பக்கம் பாக்கி இருக்கிறது, அதனால்.

1813இல் வந்த ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகையின் பாட்டி என்று எல்லோரும் கும்பிடுவது. அதில் 61 அத்தியாயம். நாயகன் டார்சி முதன்முதலாகத் தன்னைக் கட்டிக்கொள்ளும்படி கேட்டு நாயகி எலிசபெத்திடம் வாங்கிக்கட்டிக்கொள்வது 34இல். விளக்கத்தை எழுபது பக்கம் ஒளித்துவைத்தாரா ஜேன் ஆஸ்டின்? மறுநாள் காலையிலேயே ஒரு நீண்ட கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுகிறான். 36இல் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறாள். தப்பாகப் புரிந்துகொண்டதில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது. ஆனாலும் 25 அத்தியாயம் மிச்சம் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. ஏனென்றால் இப்போது நடுவில் நிற்பது அவளுடைய கூச்சம், அவனுடைய திமிர், நடந்துபோன பேச்சு. எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகும் தீராத ஒன்று இருந்தால்தான் அது தடை.

ஒன்பதில் எனக்கு மிகவும் பிடித்தது 52 வயது நாயகியின் கதை. அட்டையைப் பார்த்து வாங்கியிருக்க மாட்டேன், எல்லாக் காதல் நாவலுக்கும் போடுகிற அதே முதுகு காட்டி நிற்கும் பெண். உள்ளே அவள் அம்மாவுக்கு மறதி நோய். சாயங்காலம் ஆனால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கிளம்பிவிடும் அம்மா. மகள் வாசற்கதவின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தூங்கியதற்கும் இவள் கண் சொக்குவதற்கும் நடுவில் ராத்திரி 20 நிமிடம் கிடைக்கும். அப்போது அவன் பேசுவான். ஒரு நாள் அம்மா தூங்கவில்லை. மறுமுனையில் அவன் அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கிறான். இவள் அம்மாவைச் சமாதானப்படுத்துவதை, அம்மா இவளை யாரோ என்று நினைத்து மரியாதையாக ‘நீங்க யாரும்மா?’ என்று கேட்பதை, இவள் ‘இங்கதான் வேலை செய்யறேம்மா’ என்று சொல்வதை, எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். 20 நிமிடம் முடிகிறது. ‘நாளைக்கு’ என்கிறான். ‘ம்’ என்கிறாள்.

இங்கே வில்லன் யார்? ஒருவரும் இல்லை. நிலம் ஒரு வாசற்கதவு, பொழுது 20 நிமிடம். செவ்வாய்க்காரர்களிடமிருந்து நீங்கள் பிடுங்கிக்கொண்ட 22 நிமிடத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இந்த நாவல் சேர்ந்ததோடு முடிந்துவிடாததும் எனக்குப் பிடித்தது. திருக்குறளின் காமத்துப்பாலில் மொத்தம் 25 அதிகாரம். சந்தித்து மயங்கும் களவியலுக்கு 7, மணத்துக்குப் பிந்தைய கற்பியலுக்கு 18. அந்தப் பதினெட்டின் தொடக்கமே பிரிவாற்றாமை. வழியைப் பார்த்துப் பார்த்துக் கண் ஒளி மங்கியதையும், அவன் போன நாட்களைச் சுவரில் கோடிட்டுத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்ததையும் ஒரே குறளில் சொல்லும் அதிகாரமும் கற்பியலில்தான் வருகிறது. கல்யாணத்தோடு கதை முடிந்துவிடுகிறது என்று வள்ளுவர் நினைக்கவில்லை. நீங்கள் நினைக்கிறீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ‘எபிலாக்’ என்று நாலு பக்கம் வைத்து அதில் ஒரு குழந்தையைப் பிறக்க வைத்து அனுப்பிவிடுகிறீர்கள்.

சில்லறைக் குறைகள் சில இருக்கின்றன. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

நிலவின் தரையில் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு ‘ஒரு நிமிடம்’ முத்தமிட்டுக்கொள்ளும் காட்சி. 1966இல் நாசாவின் வெற்றிட அறையில் சோதனையின்போது ஒருவருடைய விண்வெளி உடையின் குழாய் கழன்றுவிட்டது. 14 நொடி போல நினைவு இருந்தது. நாக்கில் எச்சில் கொதித்ததுதான் கடைசியாக நினைவிருந்தது என்று அவரே பிறகு சொன்னார். பிழைத்துக்கொண்டார், அதிர்ஷ்டம். இனி அந்த முத்தத்தை மறுபடி படித்துப் பாருங்கள்.

அப்புறம் இந்த ‘நான் ஓடுகிறேன். மூச்சு வாங்குகிறது. திரும்பிப் பார்க்கிறேன்.’ 2008இல் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ தன்மை நிகழ்காலத்தில் வந்தது. அடுத்த கணம் உயிரோடு இருப்போமா என்று தெரியாத பெண்ணின் கதைக்கு அது பொருந்தியது. அதற்காக எல்லோரும் அப்படியே எழுத வேண்டுமா? தமிழில் 300 பக்கத்துக்கு அது கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருக்கிறது. இரண்டு பையன்களுக்கு நடுவில் தத்தளித்துக்கொண்டே அரசாங்கத்தையும் கவிழ்க்க வேண்டிய பெண்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு ஏற்கனவே நிறைய வேலை.

ஒன்றை மட்டும் சில்லறை என்று விட முடியவில்லை. ஒரு நாவலில் நாயகன் செயற்கை நுண்ணறிவு. நாயகி கட்டியிருக்கும் கைப்பட்டை வழியாக அவள் நாடித்துடிப்பு அவனுக்குத் தெரியும். அவள் பொய் சொன்னால் தெரியும், பயந்தால் தெரியும், அவளுக்கு அவன்மேல் ஆசை என்பது அவளுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ‘நீ மறைக்க முடியாது’ என்கிறான். இது காதல் வசனம் என்று போட்டிருக்கிறீர்கள். பக்க ஓரத்தில் பென்சில், ‘இவன் ஏன் கேக்காம பாக்குறான்?’ என்று எழுதியிருந்தது. நான் வளைத்து வளைத்துச் சொல்வதை ஒரு வரியில் சொல்லிவிட்டாள். கேட்டுத் தெரிந்துகொள்ளும் தூரம்கூட இருவருக்கும் நடுவில் இல்லை. காத்திருக்க வேண்டாம், ஊகிக்க வேண்டாம், அவள் சொல்லவே வேண்டாம். இதை 15 வயதுப் பெண்ணிடம் கொடுத்து இதுதான் நெருக்கம் என்கிறீர்கள்.

1993இல் வெளியான ‘தி கிவர்’ நாவலில் ஒரு பையன் பெற்றோரிடம் ‘என்மேல் உங்களுக்கு அன்பு உண்டா?’ என்று கேட்கிறான். அந்தச் சொல்லுக்குத் துல்லியமான பொருளே இல்லை என்று அவர்கள் சிரித்துக்கொண்டே திருத்துகிறார்கள். அந்த ஊரில் ஆசை தலைகாட்டியதும் மாத்திரை கொடுத்து அடக்கிவிடுவார்கள். கேட்பதற்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தைப் பிடுங்கினால் எப்படிப்பட்ட ஊர் மிஞ்சும் என்பதை 30 வருடத்துக்கு முன்பே இளையோருக்கு எழுதிக் காட்டியாயிற்று. நீங்கள் அந்த ஊரையே நாயகனாக்கிக் கைப்பட்டை கட்டி அனுப்புகிறீர்கள்.

அறிவியலும் காதலும் ஒட்டாது என்று யாராவது சொன்னால் வாயேஜர் விண்கலத்தைக் காட்டுங்கள். 1977 ஜூனில் ஆன் ட்ரூயனும் கார்ல் சேகனும் கல்யாணம் செய்துகொள்வது என்று ஒரு தொலைபேசிப் பேச்சில் முடிவு செய்தார்கள். இரண்டு நாள் கழித்து, வேற்றுலகத்தார் யாராவது கேட்கட்டும் என்று பூமியின் ஒலிகளைப் பதித்து வாயேஜரில் அனுப்பிய தங்க இசைத்தட்டுக்காக ட்ரூயனின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் நினைத்ததில் காதல்வயப்படுவது எப்படி இருக்கும் என்பதும் அடக்கம். அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. வாயேஜர் 1 அனுப்பும் சமிக்ஞை நமக்கு வந்து சேர இப்போது ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகிறது. கேட்பவர்களுக்குப் பொறுமை இல்லை என்று அந்தத் தாமதத்தை யாராவது வெட்டினார்களா?

இளைய வாசகர்களின் பொறுமை விஷயத்துக்கு வருகிறேன். மேரி ஷெல்லி ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு 18 வயது. 1818இல் அது வெளிவந்தபோது 20. உங்கள் அட்டையில் ‘இளையோர்’ என்று போட்டுக்கொள்ளும் வயதில் இருந்த ஒருத்திதான் இந்த வகைக்கே அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். சரி, அது பழைய கதை. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய் நாவலை நான் பாதியில் கவிழ்த்து வைத்தேன் என்றேனில்லையா? இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் 12ஆம் அத்தியாயம் முழுக்கப் பென்சில். இருவரும் சண்டை போடும் அரட்டை அது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அக்கா மகள் இரண்டு நேரம் குறித்திருக்கிறாள், அனுப்பியது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று. ஒரு வழிக்கு 14 நிமிடம் என்று அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கணக்குக்கு எந்த வரி எதற்கு முன்னால் வரும் என்று அம்புக்குறி போட்டு, அச்சடித்த உரையாடலைக் கலைத்து அடுக்கியிருக்கிறாள்.

8.58க்குப் பையன் ‘மன்னிச்சிடு, தப்பு என்னுடையதுதான்’ என்று அனுப்புகிறான். அது வருவது தெரியாமல் 9.00க்கு அவள் ‘இனி எழுதாதே’ என்கிறாள். மனசு கேட்காமல் 9.05க்கு ‘சும்மா சொன்னேன்’ என்கிறாள். 9.12க்கு அவன் மன்னிப்பு அவளுக்குக் கிடைக்கிறது. 9.14க்கு ‘இனி எழுதாதே’ அவனுக்குக் கிடைக்கிறது. மன்னிப்புக் கேட்டதற்குப் பதில் இதுதானா என்று அவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. அப்புறம் விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கிறான். என் மன்னிப்பு அவளைச் சேர்ந்து இரண்டு நிமிடம்தான் ஆகிறது, இது அதற்குப் பதிலாக இருக்கவே முடியாது. கணக்குப் புரிகிறது, மனசுக்குப் புரியவில்லை. 9.14க்கும் 9.19க்கும் நடுவில் அச்சில் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் அவள் ஐந்து சின்னக் கோடு போட்டிருக்கிறாள், நிமிடத்துக்கு ஒன்று. 9.19க்கு ‘சும்மா சொன்னேன்’ வந்து சேர்கிறது.

பொறாமைக்காரத் தோழி வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டாள். ஒன்றும் குறையவில்லை.

அத்தியாயம் முடிகிற இடத்தில், அடியில் மிச்சம் இருந்த வெள்ளைத் தாளில் எனக்கு ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘சித்தி, இப்போ படி.’

இப்படிக்கு,
பென்சிலுக்கு அடுத்ததாகப் படிக்கும் வாசகி